உலை டாக்டர்

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு உலை வெடித்தது. எளாவூர் செக்போஸ்டில் லாரிக்கு அடியில் படுத்து டயர் மாற்றிக்கொண்டிருந்தவன்கூட வெளியே உருண்டு வந்து வானத்தைப் பார்த்தானாம். செல்வி அப்போது கழனியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் முத்தம்மா. மூன்று நாளாக ஊற்றிய மழை அன்றைக்குத்தான் கொஞ்சம் விட்டிருந்தது. முழங்கால் வரைக்கும் சேறு.

"இடியாக்கா?" என்றாள் முத்தம்மா.

"இடின்னா மேல கேக்கும்டி. இது கால்ல கேக்குது."

இரண்டு பேரும் சிப்காட் பக்கம் திரும்பினார்கள். சவுக்குத் தோப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு புகை எழும்பி, அதற்கு நடுவில் சிவப்பு தெரிந்தது. இரண்டு பேரின் புருஷன்மாரும் அங்கேதான் ஒரே ஷிப்டில் இருந்தார்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் மில். செல்வியின் புருஷன் தணிகாசலம் உலைக்கு மேஸ்திரி. முத்தம்மாவின் புருஷன் பரசுராமன் உலைக்குள் இரும்பு தள்ளுகிறவன். முத்தம்மா கையில் இருந்த களையைக்கூடக் கீழே போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

மில் கேட்டை இழுத்து மூடியிருந்தார்கள். உள்ளே இருந்து கத்தல் வந்தது. மனுஷன் கத்துவதா, இரும்பு கத்துவதா என்று தெரியாத கத்தல். ஆம்புலன்ஸ் வந்த பிறகு வேறு வழியில்லாமல் கேட்டைத் திறந்தார்கள், செல்வி உள்ளே பாய்ந்தாள். தகரக் கூரையில் ஓட்டை ஓட்டையாக வானம் தெரிந்தது. தரையெல்லாம் உருக்கு சிதறி, மழைத் தண்ணீரில் பட்டுச் சீறிக்கொண்டிருந்தது. ஒடிசாக்காரர் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தார். பரசுராமனை அவன் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அது சதைக்குள் இறங்கியிருந்தது. முத்தம்மா பார்த்தாள். கத்தவில்லை. கையில் இருந்த களையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தணிகாசலம் உயிரோடு இருந்தான். இரண்டு கையும் மார்பும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயிருந்தன. செல்வியைப் பார்த்துவிட்டு, "தம்பி... தம்பி..." என்று இரண்டு தரம் சொன்னான். பரசுராமனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவான். அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் செல்வி. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே செல்வியின் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்புசெல்வன். இன்ஜினியரிங் காலேஜில் புரொபசர். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அக்கா வீட்டில் இருந்துதான் படித்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த தணிகாசலம், தூங்காத கண்ணோடு அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காலேஜ் பஸ் நிற்கும் இடத்தில் விடுவான். பி.இ. ஆயிற்று, எம்.இ. ஆயிற்று, பிஎச்.டி.யும் ஆயிற்று. அந்த ஊரில் முதல் டாக்டர் அவன்தான். ஊசி போடாத டாக்டர் என்று ஊரில் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும். செல்விக்கு அந்தக் கிண்டல்கூட இனிப்பாகத்தான் இருந்தது.

காலேஜ்காரர்கள் வாத்தியார்களின் படிப்பையெல்லாம் போட்டு கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அன்புசெல்வன் டை கட்டின போட்டோ. பக்கத்தில் வாங்கின பட்டங்கள். அதற்குக் கீழே ஆராய்ச்சி ஆர்வம் என்று மூன்று வரி. எல்லாம் இங்கிலீஷ். எட்டாவது வரைக்கும் படித்த செல்விக்கு அது எட்டவில்லை. தம்பி பெண்டாட்டி கல்பனா நர்சரி ஸ்கூல் டீச்சர், அவள்தான் படித்துச் சொன்னாள்.

"உருக்கு உலைல விபத்து வராம பாத்துக்கறதுதான் அவரோட ஆராய்ச்சியாம் அண்ணி."

"நெசமாவா? இத்தினி நாளா எங்கையில சொல்லவே இல்லியே!"

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தை போனில் எடுத்து வைத்துக்கொண்டு, மில் டீக்கடையில் நின்று எல்லோருக்கும் காட்டினான். "நம்ம மச்சான். உலைக்கே டாக்டரு." பரசுராமன் அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டை நல்லாக்கீது மேஸ்திரி. நமக்கு எதனா டவுட்டுன்னா இவர கேக்கலாம் இல்ல?" என்றான். கேக்கலாம் என்றான் தணிகாசலம். மச்சான்தானே.

வெள்ளிக்கிழமை பரசுராமனை எரித்துவிட்டு வந்தார்கள். எரிப்பதற்கு அவனிடம் என்ன மிச்சம் இருந்தது! சுடுகாட்டிலிருந்து திரும்புகிற வழியில் மில் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் சொல்லியும் கேட்காமல், மேஸ்திரி தணிகாசலம் தன்னிச்சையாக ஈர இரும்பை உலைக்குள் தள்ளச் செய்ததால் விபத்து. இரண்டு உயிர் போனதற்கு அவர்மேல் போலீசில் புகார் கொடுக்கப்பட்டுள்ளது. உருகிக்கொண்டிருக்கும் இரும்புக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அந்த வட்டாரத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அதுதான் ஜனத்துக்கு ஆத்திரம்.

பரசுராமனின் அண்ணன் கலியன் குளிக்கக்கூட இல்லை. ஆரணியிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோடு வண்டிக்காரன். கடப்பாரையோடு வந்தான். பின்னால் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் முத்தம்மா.

"வெளிய வாடி! எந்தம்பிய வேவ வெச்சிட்டு உன் புருசன் ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறானா?"

செல்வி கதவைத் திறப்பதற்குள் முதல் அடி தணிகாசலத்தின் வண்டிமேல் விழுந்தது. பெட்ரோல் டேங்க் நசுங்கியது, ஹெட்லைட் நொறுங்கியது. ஒரு செங்கல் ஜன்னல் வழியாக வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, கையில் அகப்பட்ட களைக்கொட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எவன்டா அவன் கல்லு உட்டவன்? வாடா முன்னாடி!"

ஒருவன் முன்னால் வந்தான். அவன் முட்டியிலேயே போட்டாள் ஒன்று. அவன் ஐயோவென்று மடங்கி உட்கார்ந்தான். மற்றவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தான். வயிற்றில் உதைத்தான். சேற்றில் குப்புறக் கிடந்தவளின் முதுகில் கலியன் காலை வைத்தான்.

"ரெண்டு பசங்க எந்தம்பிக்கு. ரெண்டும் அப்பா எங்கன்னு கேக்குது. இன்னாடி பதில் சொல்றது? சொல்லு!"

"அவரு வேணும்னு பண்ணுவாராண்ணே? பரசுராமன் இல்லாம அவரு சோறு துண்ணது உண்டா?"

முத்தம்மா குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். காப்பாற்றத்தான் தூக்குகிறாள் என்று நினைத்தாள் செல்வி. முத்தம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். இன்னொன்று. இன்னொன்று. முந்தாநாள்வரைக்கும் இவள் வீட்டுக் குழம்பை அவள் வாங்கிப்போவாள், அவள் வீட்டுக் கருவாட்டை இவள் வாங்கி வருவாள். செல்வி கையை உயர்த்தவில்லை. அறைந்து அறைந்து முத்தம்மாவுக்கே கை ஓய்ந்துபோயிற்று.

"எந்தம்பிதான் விசாரிக்கப் போறான்," என்றாள் செல்வி, வாயில் ரத்தத்தோடு. "காலைல போன் பண்ணான். மில்லுல அவன் காலேஜ கேட்டுக்கீறாங்க. உலை வெசயம் தெரிஞ்சவன் அவன் ஒர்த்தன்தானாம். திங்கக்கெயம ரிப்போட்டு குடுக்கறான்."

கலியன் சிரித்தான். "உந்தம்பியா? அப்போ உன் புருசனுக்குத்தான் எய்துவான்."

"அவன் படிச்சவண்ணே. இன்னா நடந்துச்சோ அத்ததான் எய்துவான். என் புருசன்மேல தப்புன்னு எந்தம்பி எய்திட்டான்னா, நானே என் ஊட்ட கொளுத்திட்டு போறேன். போதுமா?"

கலியன் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளையே பார்த்தான். "நாயித்துக்கெயம உந்தம்பி ஊட்டுக்கு நானே கூட்டினு போறேன். நீ ஓடிப்பூடுவ. என் முன்னாடி கேளு."

சரி என்றாள். வேறென்ன சொல்வாள்?

நெற்றியில் ஆறு தையல் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்காய வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே, "ஒடம்பு தேறட்டும்மா, அப்பால பாத்துக்கலாம்," என்றார். தேறினால் ஜெயில் என்று அர்த்தம். மனுஷன் பிழைக்க வேண்டும் என்று எந்தச் சாமியைக் கும்பிடுவது, பிழைக்கிறவனைப் பிடிக்க ஆள் உட்கார்ந்திருக்கும்போது? செல்விக்கு அந்த ஆளின் டீயைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

தணிகாசலத்தின் வாயை மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் சுற்றியிருந்தார்கள். அவள் காதை அவன் வாயருகில் கொண்டுபோனாள்.

"பரசு?"

அவளுக்கு விம்மல்தான் வந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. கட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"யோவ், நீ சொல்லு. இன்னாதான் நடந்துச்சு? நீ ஈரத்த போடுவியா? பதினெட்டு வருசமா உலையில கீற."

நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பழைய இரும்பை மெஷினில் அழுத்திக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். யார்டுக்குக் கூரை இல்லை. மூன்று நாள் மழையில் எல்லாக் கட்டும் நனைந்திருந்தது. சூப்பர்வைசர் எபினேசர் தள்ளச் சொன்னான். தணிகாசலம் முடியாது என்றான். அரை மணி நேரம் வாக்குவாதம். வேலையை நிறுத்தினால் ஷிப்ட் மொத்தத்தையும் வெளியே அனுப்பிவிடுவேன் என்று எபினேசர் கத்தினான்.

"அப்பதான் பரசு சொன்னான்... உம் மச்சான கேளு மேஸ்திரின்னு."

செல்வி இன்னும் குனிந்தாள்.

"ஸ்பீக்கர்ல போட்டேன். பரசு, ஒடிசாக்காரரு, எபினேசரு மூணு பேரும் கேட்டாங்க. கட்டு நனஞ்சிகீது மச்சான், போடலாமான்னேன். உலை வாயில கொஞ்ச நேரம் வெச்சீங்கன்னா காஞ்சிரும் மாமா, அப்புறம் தள்ளுங்க, ஒண்ணும் ஆவாதுன்னான். எபினேசரு, அதான் டாக்டரே சொல்லிட்டாருல்ல, இன்னும் இன்னான்னான். வெச்சோம். மேல காஞ்சிருச்சு. உள்ள... உள்ள தண்ணி இருந்துச்சு செல்வி."

வியாழக்கிழமை, மில்லுக்குள் கிடந்துகொண்டு 'தம்பி, தம்பி' என்றானே. அது பரசுராமன் இல்லை, அவளுடைய தம்பி. அவளுக்கு இப்போது விளங்கியது.

"போன் எங்க?"

"எரிஞ்சிருச்சு. கேட்டவன்ல பரசும் ஒடிசாக்காரரும் பூட்டாங்க. எபினேசரு நான் தள்ளவே சொல்லலன்னு எய்தி குடுத்துட்டானாம். ஏட்டு சொன்னாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நீ இத்த யார்கையிலயும் சொல்லாத. புள்ளைக்கு வேல பூடும். நம்ம வளத்த புள்ள."

செல்வி எழுந்து நின்றாள். இவ்வளவு வெந்த பிறகும் இந்த ஆளுக்கு மச்சானின் வேலைதான் பெரிதாகப் போயிற்று. கோபம் வந்து அழுதாளா, அழுகை வந்து கோபப்பட்டாளா, அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கலியன் லோடு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். முன் சீட்டில் உட்காரச் சொல்லவில்லை. பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். தூறல் போட்டது. ஹைவேயில் லாரிகள் வாரியடித்த தண்ணீர் முகத்தில் விழுந்தது. நெற்றித் தையல் விண் விண் என்று தெறித்தது.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் பக்கம் மாடி வீட்டில் அன்புசெல்வன் வாடகைக்கு இருந்தான். கலியன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். "நீ போய் கேளு. நான் இங்கியே கீறேன். கதவ சாத்தாத."

கல்பனா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணியின் நெற்றியைப் பார்த்து ஐயோ என்று ஓடி வந்தாள். அன்புசெல்வன் லேப்டாப் முன்னால் இருந்தான். இரண்டு நாளாகச் சவரம் பண்ணாத முகம்.

"அக்கா, மாமா எப்படிக்கீறாரு? நானே வரணும்னு இருந்தேன். இந்த ரிப்போர்ட் பேஜாரு புடிச்ச வேல..."

"முடிச்சிட்டியா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"கல்பனா, அத்த படிச்சு தமிள்ல சொல்லு."

"அது டெக்னிக்கலா இருக்கும்கா, உனக்குப் புரியாது..."

"நீ சும்மாரு. நீ சொல்லும்மா."

கல்பனா புருஷனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் மில்லின் பெயர், உலையின் அளவு என்று போயிற்று. அதன் பிறகு அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "மேஸ்திரி தணிகாசலம், பல வருட அனுபவம் இருந்தும்... மேற்பார்வையாளரின் எச்சரிக்கையை மீறி... எந்த வல்லுநரிடமும் ஆலோசனை கேட்காமல்..." அதற்குமேல் அவள் படிக்கவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் புருஷன் எதற்காகப் போனில் எதையோ அழித்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"எந்த வல்லுநர்கையிலயும்," என்றாள் செல்வி. "கேக்காம."

அன்புசெல்வன் லேப்டாப்பை மூடினான். "அக்கா, நான் சொல்றத கேளு..."

"வியாயக்கெயம பத்து மணிக்கு உங்க மாமா உனக்கு போன் பண்ணாரா?"

"பண்ணியிருப்பாரு... எனக்கு ஞாபகம்..."

அவன் முடிப்பதற்குள் அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் பட்டு உடைந்தது. கல்பனா தடுக்க வரவில்லை.

"பண்ணாரா?"

"பண்ணாரு! பண்ணாருக்கா! அன்னிக்கு காலேஜுக்கு இன்ஸ்பெக்சன் டீம் வந்திருக்காங்க. நாங்க எல்லாம் டை கட்டிக்கினு வரிசையா நிக்கிறோம். போன் அடிக்குது. எச்.ஓ.டி. மொறைக்கிறாரு. ரெண்டே நிமிசம். லேசா நனஞ்சிருக்கும்னு நெனச்சேன். அழுத்துன கட்டு உள்ள தண்ணி புடிச்சு வெச்சிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு தெரியாதா? உலை டாக்டரு நீ, உனக்கு தெரியாதா?"

அப்போதுதான் அவன் சொன்னான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் பிஎச்.டி. பண்ணியது ஏசி மெஷினில். உள்ளே ஓடும் குழாயில் குளிர் எப்படிப் பரவுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. ஐந்து வருஷம் குளிரைத்தான் படித்தான். போன வருஷம் இன்ஸ்பெக்சனுக்கு முன்னால், இந்தப் பகுதி தொழிற்சாலைகளுக்கு உதவுகிற மாதிரி எட்டு ஆராய்ச்சித் துறை காட்டியாக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். எச்.ஓ.டி. ஜனார்தனன் எட்டுத் துறையையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஸ்டாப் ரூமில் டீத்தட்டில் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். பாய்லர் ஒருவருக்கு வந்தது. ரோபோ ஒருவருக்கு வந்தது. இவனுக்கு உலை வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார்களாம்.

"எல்லா காலேஜுலயும் இப்படித்தாங்க்கா. யாரு படிக்கப்போறாங்க அந்தப் பக்கத்த?"

"நாங்க படிச்சோண்டா," என்றாள் செல்வி. "உங்க மாமா போன்ல வெச்சி ஊரு பூரா காட்டுனாரு. பரசுராமன் உன் டைய பாத்து நல்லாக்கீதுன்னான். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாடா கொறஞ்சி பூட்டிருப்ப? தெரியாது மாமா. அவ்ளோதானடா!"

"சொல்ல முடியல. மாமா அவ்ளோ நம்பிக்கையா கேட்டாரு. பக்கத்துல நாலு பேரு இருக்கற சத்தம் கேக்குது. எப்படிக்கா தெரியாதுன்னு சொல்றது?"

"இப்ப சொல்லு. போலீசுல வந்து சொல்லு."

"சொன்னா வேலை போயிரும். டாக்டர் பட்டத்தையே புடுங்கிருவாங்க. ஜெயிலுக்குக்கூட போவணும். மாமாவுக்கு நான் வக்கீல் வெக்கிறேன், நல்ல வக்கீலா..."

செல்வி லேப்டாப்பை எடுத்தாள். அவன் பாய்ந்து பிடுங்கினான். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் அவளைப் பிடித்துத் தள்ளினான். எட்டு வயசிலிருந்து அவள் கையால் சோறு தின்ற உடம்பு, நல்ல பலம். அவள் தலை கதவு நிலையில் மோதித் தையல் பிரிந்து, ரத்தம் மூக்கோடு வழிந்தது. அவன், "அக்கா!" என்று பதறிக் குனிந்தான்.

கதவு திறந்தேதான் இருந்தது. கலியன் உள்ளே வந்தான். கையில் வண்டியின் ஜாக்கி ராடு. எப்போது இறங்கிப்போய் எடுத்து வந்தான் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருந்தான். குனிந்திருந்தவனின் முதுகில் முதல் அடியைப் போட்டான். அன்புசெல்வன் டீப்பாய்மேல் விழ, அதன் கண்ணாடி நொறுங்கி உள்ளங்கையில் ஏறியது. இரண்டாவது அடி இடது தோளில். எலும்பு முறிகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. கல்பனா காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தாள்.

"காஞ்சிரும்னியாடா? எந்தம்பி காஞ்சான்டா! கரியா காஞ்சான்!"

வாயில் உதைத்தான். பல்லும் ரத்தமும் தரையில் விழுந்தன. அன்புசெல்வன் தவழ்ந்து செல்வியின் காலைப் பிடித்தான்.

"அக்கா... சொல்லுக்கா... அக்கா..."

செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பாம்பைக் கண்டு இதே மாதிரிதான் காலைப் பிடிப்பான். இவனுக்காக ஊரில் எத்தனை பேரோடு சண்டை பிடித்திருக்கிறாள்! இப்போது அவள் வாய் திறக்கவில்லை. அவளுக்குள் ஒருத்தி அடி, அடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே பயமாக இருந்தது. கலியன் ராடை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கினான். அவன் கண் அன்புசெல்வனின் வலது கையில் இருந்தது.

அப்போதுதான் அவள் பாய்ந்து ராடைப் பிடித்தாள்.

"அந்த கைய உடுண்ணே!"

"தள்ளு! தம்பி பாசமா உனுக்கு?"

"பாசமாவது மயிராவது! அந்தக் கைதாண்ணே எய்தணும். அத்த ஒடச்சிட்டன்னா உந்தம்பிய யாரு கொன்னதுன்னு எவன் எய்துவான்? என் புருசன் உள்ள பூடுவான். இவன் ஆஸ்பத்திரில படுத்துக்கினு ஞாபகம் இல்லம்பான். இவன் வாயி ஒண்ணுதாண்ணே மிச்சம். அத்த கொன்னுடாத."

கலியன் மூச்சு வாங்கினான். ராடை அவன் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் அவன் அதைத் தரையில் போட்டான். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். சுடுகாட்டில்கூட அழாத ஆள்.

செல்வி தம்பியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். புடவைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தாள். "கல்பனா, பேப்பரு."

கல்பனா பள்ளிக்கூட நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தாள். பேனாவின் மூடியைத் திறந்து அவளே புருஷன் கையில் வைத்தாள். "எழுதுங்க," என்றாள். "அண்ணி சொல்றத எழுதுங்க."

"தமிள்ல எய்து. நான் படிச்சி பாக்கணும்," என்றாள் செல்வி. "நீ இன்னா படிச்ச. இன்னா படிக்கல. அது மொதல்ல."

உள்ளங்கையில் ஏறியிருந்த கண்ணாடித் தூளோடு அவன் எழுதினான். இடது தோள் தனியாகத் தொங்கியது. நான் படித்தது குளிர்சாதனக் குழாய்கள் பற்றி. உருக்கு உலை பற்றி நான் படித்ததில்லை. உலையை நேரில் பார்த்ததில்லை. சீட்டில் வந்ததால் என் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் மூச்சு நின்று வந்தது. வியாழக்கிழமை என் மாமா தணிகாசலம் என்னைப் போனில் கேட்டார். ஈரக் கட்டைத் தள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். பிறகு அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்தேன்.

செல்வி எழுத்துக் கூட்டிப் படித்தாள். கலியனிடம் கொடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு அசையப் படித்தான். தலையாட்டினான்.

"கீய பேரு போடு," என்றாள் செல்வி.

அன்புசெல்வன் என்று மட்டும் போட்டான். பேனாவைக் கீழே வைத்தான்.

"முன்னாடி டாக்டர்னு போடு."

அவன் அண்ணாந்து பார்த்தான். வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து, "வேணாங்க்கா," என்று வந்தது.

"போடுடா. தம்பி சொன்னான்னா அவரு போட்டாரு? அன்புசெல்வன் சொன்னான்னா பரசுராமன் தள்ளுனான்? டாக்டரு சொன்னாருன்னுதாண்டா தள்ளுனாங்க. போடு."

போட்டான்.